சாணத்தில் முளைத்ததும் சட்டத்தில் அகப்பட்டதும்

ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்து ஓய்ந்ததும், பாலாவியிலிருந்து கற்பிட்டி வரையில் நீண்டு கிடக்கும் மணற்பாங்கான தென்னந்தோட்டங்களில், மாடு மேய்ந்துபோன இடமெல்லாம் ஈரம் உலராத சாணத்தின்மீது, மெல்லிய காம்பும் சாம்பல் நிறக் குடையுமாய்ச் சின்னஞ்சிறு காளான்கள் இரவோடிரவாக விரிந்து நிற்பதுண்டு. "நாய்க்குடை, தொடாதே பிள்ளை" என்று சிறுவரை விலக்குவதோடு தோட்டக்காரரின் சிந்தனை முடிந்துவிடும். ஆனால் கடலிலே பட்டம் கட்டிச் சறுக்கும் விளையாட்டுக்காகக் கண்டங்கள் கடந்து கற்பிட்டிக்கு வரும் விருந்தினருள் ஒருவர், "மஜிக் மஷ்ரூம் கிடைக்குமா?" என்று விடுதிப் பையனிடம் கேட்டாரானால், அந்த நாய்க்குடை அக்கணமே தாவர சாஸ்திரத்திலிருந்து தண்டனைச் சட்டத்துக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது.

சாணக் காளான்கள் எல்லாம் மயக்குவன அல்ல. சில வெறும் குடைகள், சில விஷம். மயக்குவனவற்றுள் பெயர்பெற்ற ஒன்று உலக சாஸ்திரத்துக்கு முதன்முதலாக அறிமுகமானது நம்முடைய தீவிலிருந்துதான் என்பது பலர் அறியாத விசேஷம். பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த துவெயிற்ஸ் காலத்தில் இலங்கையிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட காளான் மாதிரிகளை ஆராய்ந்த பெர்க்லி, புரூம் என்னும் இரு பண்டிதர்கள், 1871ஆம் ஆண்டில், இன்று பனேயோலஸ் சயனெசென்ஸ் என வழங்கும் இனத்தை வருணித்துப் பெயரிட்டார்கள். அதன் காம்பைக் கிள்ளினால், கிள்ளிய இடம் சிறிது நேரத்தில் நீலம் பாரிக்கும். அவர்கள் இட்ட பெயரிலும் அந்த நீலமே நிற்கிறது. அது காளானுக்குள் இருக்கும் சைலோசின் என்ற இரசாயனம் காற்றுப் பட்டு மாறுவதன் அடையாளம் என்பதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. மெக்சிக்கோவின் மலைநாட்டு வைத்தியப் பெண்கள் இரவுப் பூசையில் உட்கொண்ட காளானைக் கோர்டன் வாஸன் என்ற அமெரிக்க வங்கியாளர் 1957இல் பத்திரிகையில் எழுதி அம்பலப்படுத்திய பிறகு, சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹொஃப்மன் 1958இல் சைலோசிபின், சைலோசின் ஆகிய மயக்கும் இரசாயனங்கள் இரண்டையும் பிரித்தெடுத்தபோதுதான் இரகசியம் வெளியாயிற்று.

இந்தத் தேதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு நம் சட்டப் புத்தகத்தைத் திறக்கவேண்டும். நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டில் பிறந்தது. பயிரிடலாகாது என்று அது பெயர் சொல்லி விலக்கிய செடிகள் அபின் தரும் கசகசா, கொக்கா, கஞ்சா என்னும் மூன்றே. ஹொஃப்மனுக்கு இருபத்தொன்பது வருஷம் முந்திய அச்சட்டத்தில் காளானைத் தேடுவது வீண் வேலை. ஆயினும், "பட்டியலில் இல்லாதது பாவமில்லை" என்று மகிழ்ந்து எழுந்துவிடலாகாது. 1971இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் வியன்னாவில் உருவான மனப்பிரமைப் பொருள்கள் ஒப்பந்தம், சைலோசிபினையும் சைலோசினையும் மிகக் கடுமையான முதலாம் அட்டவணையிலே வைத்து, விஞ்ஞானத்துக்கும் மிகச் சிறிதளவு வைத்தியத்துக்குமன்றி வேறெதற்கும் அவற்றை அனுமதியாதிருக்கும்படி உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. இலங்கை அதில் சேர்ந்த நாடு. சட்டவிரோதப் போதைக் கடத்தலுக்கெதிரான சர்வதேச ஒப்பந்தங்களை நடைமுறைப்படுத்த 2008இல் நம் பாராளுமன்றம் தனிச் சட்டமும் இயற்றியிருக்கிறது.

விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. ஒப்பந்தத்தின் அட்டவணையில் இருப்பது இரசாயனத்தின் பெயர். காளானின் பெயர் அன்று. சாராயம் குற்றமென்றால் பனையும் குற்றமா என்று கேட்பதைப் போன்ற கேள்வி இது. பிரிட்டனில் பல வருஷங்கள், பச்சைக் காளானைக் கடையில் பகிரங்கமாக விற்றார்கள். உலர்த்தினாலோ, பொடித்தாலோ அது "தயாரிப்பு" ஆகிவிடும், பச்சையாயிருக்கும்வரை இயற்கைப் பொருள் என்பது வியாபாரிகளின் வாதம். 2005இல் பச்சையையும் சட்டத்துக்குள் இழுத்து அந்த வாசலை மூடினார்கள். 2008இல் ஒல்லாந்தும் அவ்வாறே செய்தது.

நமக்கு அயலிலே இந்த வாதம் இன்னும் உயிரோடிருக்கிறது. கொடைக்கானல் மலையில் காளான் தேடிப் போவோரும் விற்போரும் பொலிஸாரும் நெடுங்காலமாய் ஒளிந்து விளையாடுவது தமிழ்நாட்டார் அறிந்த செய்தி. கேரளத்தில் 226 கிராம் காளானோடும் 50 கிராம் காளான் குளிகைகளோடும் பிடிபட்ட ஒருவரின் பிணை மனுவை 2025 ஜனவரியில் விசாரித்த உயர் நீதிமன்ற நீதியரசர் பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன், காளான் என்பது கலவை அன்று, இயற்கையாய் முளைத்த பூஞ்சணமே, இந்தியச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளது சைலோசிபின்தான் என்று கூறிப் பிணை வழங்கினார். கர்நாடக, சென்னை உயர் நீதிமன்றங்கள் முன்னரே சொன்னதையும் அவர் துணைக்கொண்டார். காளான் முழுவதையும் நிறுப்பதற்கும் இரசாயனத்தை மட்டும் நிறுப்பதற்கும் உள்ள வித்தியாசம் எத்தகையது என்பதைக் கணக்கிலே பார்க்கலாம்: இந்தியச் சட்டத்தில் 50 கிராமுக்கு மேற்பட்ட சைலோசிபின் "வணிக அளவு", பிணையே துர்லபம். முழுக் காளானையும் நிறுத்தால் 276 கிராம், வணிக அளவின் ஐந்து மடங்குக்கும் மேல். நூற்றுக்கு ஒரு பங்கே இரசாயனம் என்று கொண்டால் மூன்று கிராமும் தேறாது. தராசில் எதை வைப்பது என்பதிலே ஒரு மனிதனின் பல வருஷ வாழ்வு தொங்குகிறது.

கேரளக் கஞ்சாப் பொதிகள் படகேறி வந்து இறங்குவதும், கடற்படையினர் அவற்றைக் கைப்பற்றுவதும் வழக்கமாகிவிட்ட இக்கரையிலே, கேரளத்துத் தீர்ப்பும் கூடவே வந்து இறங்கிவிட்டதாக எவரும் எண்ணலாகாது. அது ஒரு பிணை மனுவின்மேல் பிறந்த கட்டளை. நம் நீதவானைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. என் அபிப்பிராயத்தில், அந்தத் தர்க்கம் தாவர சாஸ்திரத்துக்குப் பொருந்துகிற அளவு வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. தன் தோட்டத்தில் தானாக முளைத்ததை அறியாத விவசாயியைக் குற்றவாளி என்பது அநியாயம். அவ்விவசாயியின் பொருட்டு மட்டும் அந்தத் தர்க்கத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னதென்று தெரிந்து பறித்து, உலர்த்தி, உறையிலிட்டு, விடுதி வாசலில் விலைபேசுகிறவன் இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கும் யோக்கியதையை இழந்துவிடுகிறான். அறைக்குள் வித்துப் பரப்பி வளர்ப்பவன் நிலையும் அதுவே: தற்செயல் என்ற வாதம் அவனுக்கு இல்லை.

மனச்சோர்வுக்கு இந்த இரசாயனம் மருந்தாகுமா என்று மேல்நாடுகளில் நடக்கும் ஆராய்ச்சி வேறு விஷயம். அவுஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், வேறு சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வுக்கு, அதிகாரம் பெற்ற மனநல வைத்தியர்கள் மட்டும் அதை விதிக்கலாம். அங்கும் சாணத்திலிருந்து பறித்துத் தின்பதற்கு ஒருவருக்கும் அனுமதி தரப்படவில்லை.

ஆகையால், மரத்தூள் பைகளில் சிப்பிக் காளான் வளர்த்து நேர்மையாய்ப் பிழைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: "மஜிக் வித்து" என்று தபாலில் எவராவது அனுப்புவதாகச் சொன்னால் வாங்காதீர்கள். விடுதி நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை: வெள்ளைக்கார விருந்தினர் தம் நாட்டில் இது குற்றமில்லை என்று சாதித்தால், அவர் நாளை விமானம் ஏறிவிடுவார், நீதவான் முன் நிற்கப்போவது உங்கள் பையன்தான் என்பதை நினைவில் வையுங்கள்.