கைதிகள் எடை போடும் அங்கி
சிறைக்குள் செல்லும் பாதிரியாருக்கு நடத்தையே பிரசங்கம்

பாறசாலையில் இருந்து நெய்யாற்றின்கரைக்குப் போய், அங்கிருந்து காட்டாக்கடை வழியாக நெய்யாறு அணைக்கட்டுப் பக்கம் பஸ்சில் போகிறவர்களுக்கு நெட்டுகால்தேரி என்ற பெயர் தெரிந்திருக்கும். கேரள அரசின் திறந்தவெளிச் சிறைச்சாலை 1962-ம் ஆண்டு முதல் அங்கே இருக்கிறது.

ஜெயில் என்றதும் நம் கண் முன் வருவது வானளாவிய மதிலும் இரும்புக் கதவும்தான். இங்கே அந்த மதில் இல்லை. மத்திய சிறையில் தண்டனையின் ஒரு பகுதியைக் கழித்து, நல்ல நடத்தை உள்ளவர் என்று பெயர் எடுத்தவர்களை இங்கே மாற்றுகிறார்கள். ரப்பர் பால் வெட்டுகிறார்கள், விவசாயம் செய்கிறார்கள், கூலி பெறுகிறார்கள். ஓட நினைத்தால் ஓடலாம். ஓடாமல் இருப்பதுதான் அங்கே இருப்பதற்கான தகுதி.

மனிதன் திருந்துவான் என்ற நம்பிக்கையில் எழுந்த இடம் அது. ஆனால், யாரைப் பார்த்துத் திருந்துவது?

உபதேசம் செய்ய ஆள் பஞ்சம் இல்லை. திருவனந்தபுரம் பூஜப்புரையில் 1886-ல் கட்டப்பட்ட மத்திய சிறை முதல் சின்ன சப்-ஜெயில் வரை, எல்லா மதத்தினரும் நல்ல வார்த்தை சொல்ல வந்து போகிறார்கள். கிறிஸ்தவப் பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் அவர்களில் உண்டு. அவர்கள் சொல்வதைக் கைதி கேட்கிறானோ இல்லையோ, அவர்கள் நடப்பதைக் கண் கொட்டாமல் பார்க்கிறான். அவனுக்கு வேறு வேலை என்ன இருக்கிறது?

சம்பளம் இல்லாத வேலை

வெள்ளைக்காரர் ஆட்சியில் அரசாங்கச் சம்பளம் பெற்ற பாதிரியார்கள் இருந்தார்கள். இன்று சிறைக்குச் செல்லும் குருவானவருக்கு அப்படி ஒரு சம்பளம் கிடையாது. அதிகாரிகளின் அனுமதியோடு போக வேண்டும். வாசலில் சோதனைக்கு நிற்க வேண்டும். கொடுத்த நேரத்துக்குள் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும்.

உள்ளே இருப்பவன் பலரிடம் ஏமாந்தவன். பலரை ஏமாற்றியவனாகவும் இருப்பான். ஆகவே ஆளை எடை போடுவதில் கெட்டிக்காரன். 'அடுத்த வாரம் வருகிறேன்' என்று சொன்னவர் வந்தாரா என்று பார்ப்பான். சூப்பிரண்டிடம் ஒரு குரலும் கைதியிடம் ஒரு குரலுமாகப் பேசுகிறாரா என்று பார்ப்பான். தன் மதத்துக்காரனுக்கு ஒரு நியாயம், மற்றவனுக்கு ஒரு நியாயமா என்று கவனிப்பான். ஒருவன் அழுது சொன்ன ரகசியம் அடுத்த அறைக்குப் போகிறதா என்று காது கொடுப்பான்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கடிதத்தை ஒளித்துக் கொண்டு போகக் கூடாது. பீடிக் கட்டு கொண்டு வரக் கூடாது. 'உன்னை வெளியே எடுத்துவிடுகிறேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. உதவியைக் காட்டி மதம் மாறச் சொல்லக் கூடாது. இதில் ஒன்றைத் தவறினாலும், அத்தனை வருடம் பேசிய பேச்சும் வீண்தான்.

விற்றவரும் கூட நடந்தவரும்

இதற்கு உலக வரலாற்றில் இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது.

லண்டன் மாநகரில் நியூகேட் என்ற பழைய சிறைச்சாலை இருந்தது. 18-ம் நூற்றாண்டில் அங்கே இருந்த பாதிரியார்கள், தூக்குமேடை ஏறும் கைதிகளின் கடைசி வாக்குமூலத்தையும் வாழ்க்கைக் கதையையும் சிறு பிரசுரங்களாக அச்சடித்து விற்றார்கள். அதில் நல்ல லாபமும் கண்டார்கள். சாகப் போகிறவனின் கண்ணீரைக் காசாக்கினால் அங்கிக்கு என்ன மரியாதை இருக்கும்?

மறுபக்கம், இத்தாலி நாட்டின் தூரின் நகரத்தைப் பார்க்கலாம். அங்கே பணிபுரிந்த ஜோசப் கஃபாசோ என்ற குருவானவர் 1811 முதல் 1860 வரை வாழ்ந்தவர். குள்ளமான உருவம், வளைந்த முதுகு. ஆனால் அந்த நகரத்துச் சிறைகளில் அவருக்கு இருந்த மதிப்பு, பெரிய பதவிக்காரர்களுக்கும் இல்லை. தூக்குத் தண்டனை பெற்றவர்களோடு இறுதி இரவைக் கழிப்பார். அவர்களோடு தூக்குமேடை வரை கூடவே நடப்பார். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படித் துணை போனதாக அவரது வரலாறு கூறுகிறது. 1947-ல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

அவர் தம்மோடு ஓர் இளம் குருவையும் சிறைக்குள் அழைத்துப் போனார். கம்பிக்குப் பின்னால் கிடந்த சிறுவர்களைக் கண்டு அந்த இளைஞர் திகைத்தார். 'வெளியே இவர்களுக்கு ஒரு நண்பன் இருந்திருந்தால் உள்ளே வந்திருப்பார்களா?' என்ற எண்ணம் அவரை வாட்டியது. அந்த இளம் குருதான் டான் போஸ்கோ. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அவர் பெயரில் பள்ளிகளும் தொழிற்கூடங்களும் நடப்பதை அறியாதவர் இல்லை. ஒரு சிறைக் குருவின் நடத்தை இன்னொருவரை எங்கே கொண்டு சேர்த்தது பாருங்கள்!

கோட்டயத்தில் தொடங்கியது

நம் நாட்டில் இந்தப் பணி ஓர் அமைப்பாக உருவானது கேரளத்தில்தான். 1981-ல் கோட்டயம் வடவாதூர் குருமடத்தில் படித்துக் கொண்டிருந்த பிரான்சிஸ் கொடியன், வர்கீஸ் கரிப்பேரி என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய சிறு குழு அது. இன்று 'பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா' என்ற பெயரில் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான தொண்டர்களோடு இயங்குகிறது. சிறையில் சந்திப்பதோடு நில்லாமல், விடுதலையாகிப் போக்கிடம் இல்லாதவர்களுக்கு இல்லங்களும் நடத்துகிறது.

இவர்கள் தங்கள் பாதுகாவலராக வைத்திருப்பவர் மேக்சிமிலியன் கோல்பே. போலந்து நாட்டுக் குருவான இவர், ஹிட்லரின் ஆஷ்விட்ஸ் முகாமில் ஒரு கைதி. ஒருவன் தப்பியதற்காகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்ல உத்தரவு பிறந்தது. அதில் ஒருவர் தம் மனைவி மக்களை எண்ணிக் கதறினார். 'அவருக்குப் பதில் நான் போகிறேன்' என்று கோல்பே முன்னே வந்தார். 1941 ஆகஸ்ட் 14-ந்தேதி விஷ ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள். உயிர் தப்பியவர் 1995 வரை வாழ்ந்தார்.

இதே கோல்பே 1932-ல் ஒரு மடம் அமைக்கும் எண்ணத்தோடு நம் எர்ணாகுளத்துக்கு வந்து போனவர் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

கொலையாளியைத் தேடிப் போன சாமியார்

மேலே சொன்னவை தூரத்துக் கதைகள். நம் காலத்திலேயே நடந்த ஒன்று உண்டு.

பெரும்பாவூர் அருகே புல்லுவழி கிராமத்தைச் சேர்ந்தவர் கன்னியாஸ்திரீ ராணி மரியா. மத்தியப் பிரதேசத்தில் உதய்நகர் பகுதியில் ஏழை விவசாயிகளிடையே பணிபுரிந்தார். வட்டிக்கடைக்காரர் பிடியில் இருந்து விடுபட அவர்களுக்கு வழி காட்டினார். அது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25-ந்தேதி இந்தூருக்குப் பஸ்சில் போய்க் கொண்டிருந்தவரை வழியில் குத்திக் கொன்றார்கள். உடம்பில் ஐம்பதுக்கும் அதிகமான காயங்கள். அப்போது அவருக்கு வயது 41.

கத்தியைப் பிடித்தவர் சமந்தர் சிங் என்ற இளைஞர். அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குடும்பம் சிதைந்தது. தன்னைத் தூண்டிவிட்டவர்களைப் பழிவாங்க வேண்டும் என்ற வெறியோடுதான் சிறையில் இருந்ததாக அவரே பின்னாளில் சொல்லி இருக்கிறார்.

அந்த நிலையில் அவரைத் தேடி ஒரு சாமியார் வந்தார். பெயர் சுவாமி சதானந்த். கேரளத்தில் தோன்றிய சி.எம்.ஐ. துறவற சபையைச் சேர்ந்த குருவான இவரது இயற்பெயர் மைக்கேல் புறாட்டுக்கரா. காவி உடுத்து, எளிய சந்நியாசியாக அந்த மக்கள் மத்தியில் வாழ்ந்தவர். கொலையுண்டவரின் மதத்தைச் சேர்ந்த குரு, கொலை செய்தவரைப் பார்க்க வருகிறார் என்றால் கைதிக்குச் சந்தேகம் வராதா? ஆனால் அவர் ஒரு தடவை வந்து ஜபம் சொல்லிவிட்டுப் போகவில்லை. மறுபடியும் மறுபடியும் வந்தார். கைதியின் கோபம் மெல்ல இறங்கியது.

அடுத்து சுவாமி செய்ததுதான் பெரிய காரியம். ராணி மரியாவின் தங்கை செல்மியும் ஒரு கன்னியாஸ்திரீ. 2002-ம் ஆண்டு ரக்ஷாபந்தன் நாளில் அவர் சிறைக்குள் போய், அக்காளைக் கொன்ற கையிலேயே ராக்கி கட்டினார். 'நீ என் சகோதரன்' என்பது அதன் பொருள். குடும்பத்தார் மன்னித்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். 2006-ல் சமந்தர் சிங் விடுதலையானார். மறு ஆண்டு புல்லுவழிக்கே வந்தார். பெற்ற மகளைப் பறிகொடுத்த அந்த வீடு அவருக்குக் கதவைத் திறந்தது. 2017 நவம்பர் 4-ந்தேதி இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் அளித்த விழாவிலும் அவர் கலந்து கொண்டார்.

மன்னிப்பைப் பற்றி எத்தனையோ பேர் பிரசங்கம் செய்திருக்கலாம். சுவாமி சதானந்த் முதலில் தாமே அந்த வாசலைக் கடந்து போனார். அதனால்தான் செல்மியிடம் அவர் பேச முடிந்தது.

ஜாமீனுக்கு ஆள் இல்லாதவர்கள்

இதெல்லாம் பெரிய கொலை வழக்குச் சேதி, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். பிழைப்புக்காகக் கேரளம் வந்த தமிழர்களுக்கு இதில் நேரடி சம்பந்தம் உண்டு.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். இவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றவாளி என்று கோர்ட்டு இன்னும் சொல்லாதவர்கள். பலருக்கு ஜாமீன் கிடைத்தும் வெளியே வர வழி இல்லை. இங்கே ஜாமீன் நிற்க வருகிறவரிடம் சாதாரணமாகக் கேட்பது நிலவரி கட்டிய ரசீது. மேஸ்திரியை நம்பி வந்த கூலித் தொழிலாளிக்கு, சொந்த ஊரிலேயே நிலம் இல்லை. அடுத்த மாநிலத்தில் யார் ரசீது கொண்டு வருவார்கள்?

இந்த இடத்தில்தான் சிறைக்குப் போய் வரும் ஒரு நல்ல குருவானவரின் உதவி தெரியும். வீட்டு விலாசத்தைக் கேட்டு எழுதிக் கொள்வார். அதிகாரியின் அனுமதியோடு ஊருக்குத் தகவல் சொல்வார். இலவச சட்ட உதவிக்கு வழி காட்டுவார்.

காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வக்கீல் பெறும் உரிமையை 1987-ம் ஆண்டு சட்டப்பணி ஆணையச் சட்டம் தந்திருக்கிறது. மாவட்ட சட்டப்பணி ஆணையத்தையோ தாலுகா குழுவையோ அணுகினால் போதும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவையும் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத ஒருவர், தம் மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கு உரிய அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் காவலிலேயே கழித்துவிட்டால், பிணைப் பத்திரத்தில் விடப்பட அது இடம் தருகிறது. தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்கு உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருந்தாலும் இந்தச் சலுகை கிடைக்காது.

'பயப்படாதே' என்று சொல்வதோடு நில்லாமல், இந்தத் தகவலையும் சொல்லி, மனு எழுதவும் துணை நிற்கிறவரைக் கைதி நம்புவான். பிறகு அவர் நல்வழி சொன்னால் அதையும் கேட்பான்.

கடைசியாகப் போன இடம்

போப் பிரான்சிஸ், பதவி ஏற்ற 2013-ம் ஆண்டிலேயே பெரிய வியாழன் அன்று ரோம் நகரச் சிறார் சிறைக்குப் போய், பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அதில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிமும் இருந்தார். 2025 ஏப்ரல் 17-ந்தேதி அதே பெரிய வியாழன் வந்தபோது அவர் தீராத நோயாளி. குனிந்து பாதம் கழுவ உடம்பில் பலம் இல்லை. ஆனாலும் சக்கர நாற்காலியில் ரெஜினா செலி சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார். நான்கு நாள் கழித்து 21-ந்தேதி காலமானார். கழுவ முடியாவிட்டாலும் வருகிறேன் என்று போனாரே, அதைத்தான் அந்தக் கைதிகள் என்றும் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஊரார் கையில் மீதி

ஒரு பாதிரியாரால் முடிந்தது சிறை வாசல் வரைதான். அதன் பிறகு இருப்பது ஊர்.

தண்டனை முடிந்து, கையில் ஒரு பையோடும் சேமித்த கூலியோடும் ஒருவர் வெளியே வருகிறார். பஸ் ஏறி பாறசாலையிலோ களியக்காவிளையிலோ இறங்குகிறார். டீக்கடையில் பேச்சு நிற்கிறது. தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்புகிறார்கள். வேலை கேட்டால் 'பிறகு பார்க்கலாம்' என்கிறார்கள். பிள்ளைக்கு வரன் பார்த்தால் அப்பன் கதை முன்னே வந்து நிற்கிறது. உள்ளே இத்தனை வருடம் ஒருவர் பொறுமையோடு கட்டியதை, வெளியே நாம் ஒரே நாளில் இடித்துவிடுகிறோம்.

சுவாமி சதானந்தைப் போலவோ, கன்னியாஸ்திரீ செல்மியைப் போலவோ எல்லோராலும் ஆக முடியாது. ஆனால், திரும்பி வந்தவர் டீக்கடை பெஞ்சில் உட்காரும்போது எழுந்து போகாமல், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்க எவராலும் முடியும்.