அடைக்கு உட்கார்ந்த கோழி

தை அறுப்பு முடிந்து வைக்கோல் போர் ஏறியதும் எங்கள் வீட்டில் அடுத்த வேலை, கோழியை அடை வைப்பது. சிவகங்கைப் பக்கம் கண்மாய்ப் பாசன ஊர். அப்பத்தா முட்டைகளை ஒரு மண்பானையில் சேர்த்து வைப்பார். பானைக்குள் பாதிக்கு ஈர மணல், அதன் மேல் சாக்குத் துண்டு, சாக்கின் மேல் முட்டை. வாயைத் துணியால் மூடி, வெயில் எட்டாத மூலையில் வைத்துவிடுவார். ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் வைத்து நான் ஆட்டிப் பார்த்தால் அப்பத்தாவின் சத்தம் வரும்: "குலுக்காதடா அய்யா, உள்ள உசுரு தூங்குது."

அந்தத் தூக்கம் நிஜமானது. கோழியைப் பற்றிய வியப்பில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

நாட்டுக்கோழி ஒரு ஈத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். நாளுக்கு ஒன்று, நடுவில் ஓரிரு நாள் தவறும். ஆக, முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இரண்டு வாரம் வித்தியாசம். ஆனால் குஞ்சுகள் எல்லாம் அடை வைத்த 21ஆம் நாளை ஒட்டி, ஏறக்குறைய ஒரே நாளில் பொரிக்கின்றன. முட்டை வெளியே வந்த கணத்திலிருந்து கரு வளர ஆரம்பித்தால் இது நடக்காது. மூத்த குஞ்சு ஓடி மேயும்போது இளைய குஞ்சு ஓட்டுக்குள்தான் கிடக்கும். தாய் யாரைப் பார்ப்பாள்?

கரு சேர்வது கோழியின் உடம்புக்குள். அதன் பிறகு வெள்ளைக்கருவும் சவ்வும் ஓடும் சுற்றி உருவாக ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகிறது. கோழியின் உள்சூடு 41 டிகிரி. அந்தச் சூட்டில் கரு பெருகிக்கொண்டே இருக்கும். முட்டை வெளியே விழும்போது மஞ்சள்கருவின் மேல் வெளிறிய ஒரு வட்டப்புள்ளி தெரியும். அதில் பல ஆயிரம் செல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வெளிக்காற்று பட்டு முட்டை ஆறியதும் வளர்ச்சி அப்படியே நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே போனால் முழு ஓய்வு. சாகவில்லை, சூடு வரட்டும் என்று காத்திருக்கிறது.

நம் ஊரில் சிக்கலும் இங்கேதான். மார்கழி, தை இரவுகளை விட்டால் வீட்டுக்குள் 20 டிகிரி ஏது? சித்திரையில் கூரைக்கடியில் 33, 34 வரை போகிறது. அது அடைச்சூடும் இல்லை, ஓய்வுக்கு ஏற்ற குளிர்ச்சியும் இல்லை. கரு அரைகுறையாக விழித்து, கொஞ்சம் வளர்ந்து, தாக்குப்பிடிக்க முடியாமல் செத்துப்போகிறது. கோடையில் கூமுட்டை அதிகமாவதற்கு இது ஒரு பெரிய காரணம். சேவல் சேராமல் இட்ட முட்டையும் கூமுட்டைதான். ஆனால் கோடைப் பழியைச் சேவல் மேல் மட்டும் போடக்கூடாது. அப்பத்தாவின் ஈர மணல் பானை, குடிதண்ணீர்ப் பானை செய்யும் அதே வேலையைச் செய்கிறது: ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதிலும் ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல் வைத்தால் பொரிப்பு குறையும் என்பது அவருக்குத் தெரியும். பழைய முட்டைகளை எடுத்துச் சமையலுக்கு ஒதுக்கிவிடுவார்.

முட்டையிட்டு முடிந்ததும் கோழியின் குணமே மாறிவிடும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்காரும். கிட்டே போனால் கர்ரென்று சீறும். மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனை அதிகமாக விடுகிறது. பால்கொடுக்கும் உயிர்களில் பால் சுரக்க வைப்பதும் இதே ஹார்மோன்தான். முட்டைப்பை சுருங்கி, முட்டையிடுவது நிற்கிறது. வயிற்றடியில் இறகு உதிர்ந்து தோல் வெளியே தெரிகிறது. அங்கே ரத்தக்குழாய்கள் விரிந்து சூடேறுகின்றன. முட்டைமேல் படுவது அந்த வெறும் தோல். அடை வேண்டாம் என்றால் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். கொடுமையாகத் தெரிந்தாலும், வயிற்றுச் சூடு தணிந்தால் அடைவெறி தணியும் என்ற கணக்கு சரியானது. அடையைக் கலைக்க மூக்கில் இறகு செருகுவதும் உண்டு; அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காற்றோட்டமான கூண்டில் நாலு நாள் தனியே விட்டாலே போதும்.

கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, முட்டைகளோடு ஒரு இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் வைப்பது வழக்கம். இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க என்பார்கள். இரும்பு இடியைத் தடுக்காது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பொரிப்பு குறைவதைக் கண்ணால் பார்த்துத்தான் அந்த நம்பிக்கை வந்திருக்கும். அதற்கு ஒரு காரணம் காற்றின் ஈரம். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அடைக்காலத்தில் அவற்றின் வழியே முட்டை தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். மழைக்கால ஈரத்தில் நீர் வெளியேறாமல் தங்கினால் காற்றறை சிறுத்து, குஞ்சு கடைசி நாளில் மூச்சுமுட்டிவிடும்.

அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை, கால் மணி நேரம் போல எழுந்து வரும். தீனி, தண்ணீர், ஒரு மண்குளியல், பிறகு ஓட்டமாகத் திரும்பிவிடும். மூன்று வாரத்தில் எடை நன்றாகக் குறைந்துவிடும். உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் சும்மா இருக்காது. அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் கரு மேலே மிதந்து போய்ச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். நாமக்கல் பண்ணைகளின் வெள்ளை லெகான் கோழிக்கு இந்த அடைக்குணம் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவு. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டையோடு நிற்கும். லெகான் 300 இடும். ஆனால் அதன் சந்ததிக்கு இயந்திரம் வேண்டும். 37.5 டிகிரி சூடு, ஈரம், மணிக்கொரு தரம் தட்டைச் சாய்ப்பது என்று பொரிப்பான் செய்வதெல்லாம் அடைக்கோழியின் வேலைதான்.

ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்திக்கால்போல விரியும் செந்நரம்புகள். இதயம் அதற்கு ஐந்து நாள் முன்பே துடிக்கத் தொடங்கிவிட்டது. பத்தொன்பதாம் நாள் போல, குஞ்சு அலகால் சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் முதல் மூச்சை இழுக்கும். ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வரும். தாய் தணிந்த குரலில் பதில் சொல்லும். காடைகளில் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்தே சத்தம் கொடுத்து, பொரிக்கும் நேரத்தை ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

மேலலகின் நுனியில் ஒரு சிறு முள் இருக்கும். அதால் ஓட்டைக் கீறி, மெல்லச் சுழன்று, தொப்பிபோல் வெட்டித் தள்ளிக் குஞ்சு வெளியே வருகிறது. சில நாளில் அந்த முள் உதிர்ந்துவிடும். இரண்டு நாளைக்குத் தீனி இல்லாவிட்டாலும் குஞ்சு தாங்கும். மிச்சமிருந்த மஞ்சள்கருவைப் பொரிப்பதற்குச் சற்று முன்பு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் முதல் குஞ்சு வந்தவுடன் தாய் எழுந்து போவதில்லை; பிந்தியவற்றுக்கும் நேரம் கிடைக்கிறது.

மாசியில் பொரித்தவை பங்குனிக் களத்தில் சிதறிய நெல்லைக் கொத்திப் பழகும். மேலே பருந்து, கீழே கீரி. எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளைக்கழிச்சல்: ராணிகேத் நோய். ஒரு கோழிக்கு வந்தால் தெருவையே காலி செய்துவிடும். கால்நடைத் துறை பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. தயவுசெய்து யாரும் அதைத் தவறவிடாதீர்கள்.

இருபத்திரண்டாம் நாள் காலை அப்பத்தா பஞ்சாரத்தைத் தூக்குவார். கூடையில் இரண்டு முட்டை பொரிக்காமல் கிடக்கும். கோழி எழுந்து நின்று, அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் வாசலுக்கு இறங்கும். பின்னால் பத்து உருண்டைகள். குருணை போட்ட இடத்தில் தாய் தரையைக் கொத்திக் காட்ட, பத்தும் கொத்தும்.