சிட்டிக்கு வசனம் யாருப்பா?

ஆட்டையாம்பட்டி கை முறுக்கைக் கடிச்சுக்கிட்டே உங்க செட்டு சினிமா பேசுதா? 'எந்திரன்'னு ஆரம்பிச்சா போதும், 'சுஜாதா மட்டும் இருந்திருந்தா...'னு ஒரு பெருமூச்சு நிச்சயம்!

சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரி 27. படம் ரிலீஸ் 2010 அக்டோபர் 1. வசனம்னு சுஜாதா, ஷங்கர், மதன் கார்க்கி என மூணு பேர் டைட்டில்ல இருக்கு. சுஜாதா, குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர். கார்க்கி அப்போ அண்ணா பல்கலைக்கழக ஆசிரியர். 2018-ல வந்த '2.0'க்கு வசனம் ஜெயமோகன். உடனே ஒரு கோஷ்டி, 'சிட்டியோட குறும்பு போச்சே!'னு புலம்பல். இன்னொரு கோஷ்டி, 'பிரமாண்டம் போதும் மச்சி'னு விசில்.

இப்ப ஒரு டெஸ்ட். ரங்குஸ்கி கொசுகூட சிட்டி பேசுற சீன் யார் எழுதினது? படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுதா? பெரியவர் பேருக்கு நாம தட்டின கைதட்டல்ல கொஞ்சம், சின்னவருக்கும் சேர வேண்டியதா இருக்கலாமே!

முறுக்கு சுத்துற கை மாறினா ருசி மாறலாம். ஆனா, கடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க பாஸ். சீனியர் போனதும், காலேஜ் டே நாடகத்தை நாளைக்கு நீங்கதான் எழுதப் போறீங்க!