சாலையில் தற்காப்பு

பள்ளி மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடமே இருக்கிறது. "சீக்கிரம் அப்பா, சீக்கிரம்!" என்று ஸ்கூட்டரின் பின்னாலிருந்து அவசரப்படுத்துகிறோம். அப்பாவும் வேகத்தைக் கூட்டுகிறார். நம்மில் இப்படிச் சொல்லாதவர் யார்? நம்மில் பெரும்பாலோருக்கு வாகனம் ஓட்டும் வயது இன்னும் வரவில்லை. ஆயினும் வேகத்தை ஏற்றிவிடுவதில் நமக்கும் பங்கு உண்டு. ஆகவே தற்காப்புடன் ஓட்டுவது எப்படி என்பதை நாமும் அறிந்துகொள்வது நல்லதன்றோ?

சாலை விதிகளை நாம் மதித்தால் மட்டும் போதாது. பிறர் செய்யக்கூடிய தவற்றையும் முன்கூட்டியே எண்ணி, அதற்கு இடம் விட்டு ஓட்டுவதே தற்காப்பு. சந்திலிருந்து பந்து உருண்டு வந்தால், அதன் பின்னே ஒரு குழந்தை ஓடி வரும் என்று எண்ண வேண்டும். நிற்கும் பேருந்தின் முன்புறமிருந்து யாரேனும் சாலையைக் கடக்கக்கூடும். ஓரமாக நிறுத்திய காரின் கதவு திடீரெனத் திறக்கக்கூடும். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியாவிட்டால், நாமும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே பொருள்.

இயற்பியல் வகுப்பில் படித்ததை இங்கே நினைவு கூர்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, பிரேக் பிடிப்பதற்கே சுமார் ஒரு வினாடி ஆகிவிடும். அதன் பிறகுதான் வேகம் குறையத் தொடங்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலால் வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஈரச் சாலையில் இன்னும் கூடும்.

இதற்கு எளிய வழி இடைவெளி. முன்னே செல்லும் வாகனம் ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும், "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் நாம் அக்கம்பத்தை அடைந்துவிட்டால், மிக நெருங்கிச் செல்கிறோம் என்று அறியலாம். மழைக்காலத்தில் இந்த இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும்.

விரைந்து சென்றால் மிஞ்சுவதுதான் எவ்வளவு? ஐந்து கிலோமீட்டர் தூரத்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏழரை நிமிடம்; 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நிமிடம். மிச்சம் இரண்டரை நிமிடமே! ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடிக்கவும் அது போதாது.

தலைக்கவசம் ஓட்டுபவருக்கு மட்டும் உரியதன்று. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், நான்கு வயதுக்கு மேற்பட்டோர் பின்னால் அமர்ந்தாலும் அணிய வேண்டும் என்கிறது. காரில் செல்வோருக்கு இடுப்பையும் மார்பையும் ஒருசேரப் பிடிக்கும் பட்டையை 1959இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் உருவாக்கித் தந்தார். பின் இருக்கையில் அமர்வோரும் அதை அணிய மறத்தலாகாது.

வீட்டை விட்டுப் புறப்படும்போது சிலுவை அடையாளம் வரைகிறோம்; காவல் தூதரை வேண்டுகிறோம். அவர் நம்மைக் காப்பார் என்ற நம்பிக்கை, நம் கடமையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு அலட்சியமாயிருப்பதற்கன்று. இறைவன் தந்த உயிர் நம்முடையது மட்டுமா? எதிரே வருபவருடையதும் அவர் தந்ததே.

பதறாத காரியம் சிதறாது. நாளை முதல் பத்து நிமிடம் முன்னதாக எழுவோம். அப்பாவிடம் இனி "சீக்கிரம்" என்று சொல்லாமல், "மெதுவாகவே போங்கள் அப்பா, நேரம் இருக்கிறது" என்று சொல்வோம்.