பருவ மாற்றமும் பாலர் கல்வியும்

கார்த்திகையிலே முற்றத்தில் மழைநீர் தேங்கி நிற்பதையும், ஆவணியிலே கிணற்று நீர் அடியில் வற்றிக் கிடப்பதையும் யாழ்ப்பாணத்துக் குழந்தை ஒவ்வோர் ஆண்டும் காண்கின்றது. வாடை வீசும் தை மாதத்திலே பட்டம் ஏற்றுவதும், சோளகம் புழுதியை வாரி இறைக்கும் ஆடிப்பிறப்பன்று கூழ் குடிப்பதும் அதற்குப் புதியனவல்ல. பருவங்கள் மாறுகின்றன என்பதை எவரும் அதற்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அவை ஏன் மாறுகின்றன என்பதே கற்பிக்க வேண்டிய பொருள். அவ்வினாவைக் குழந்தையிடமே விடுப்பின், “சூரியன் கிட்ட வந்தால் வெக்கை; எட்டப் போனால் குளிர்” என்று தயங்காது விடை வரும். இவ்விடை பிழையானது. அதனைப் பிழையென்று கூறுதல் எளிது. உள்ளத்திலிருந்து அகற்றுதல் எளிதன்று.

இப்பிழை குழந்தைகட்கு மட்டும் உரியதன்று. 1987 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் எடுக்கப்பட்ட விவரணப் படமொன்றில், ஹாவட் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு நாளன்று அங்கிருந்தோரிடம் இதே வினா விடுக்கப்பட்டது. அன்று பட்டம் பெற்றவருட் பலரும், பூமி சூரியனை அணுகுவதும் அகலுவதுமே காரணம் என்றனர். பல்லாண்டு கற்றும் பாலப் பருவத்து எண்ணம் அவர்களிடத்து மாறவில்லை. ஏனெனில் அவ்வெண்ணம் அடுப்பங்கரை அனுபவத்திலே பிறந்தது. அடுப்பை நெருங்கினாற் சுடும், விலகினாற் சுடாது. அதனையே வானத்துக்கும் பொருத்திப் பார்க்கும் குழந்தை அறிவற்றதன்று. காரணத்தைத் தேடும் குழந்தையே அது. ஆதலின் அதன் விடையை நகையாடாது, அவ்விடையையே ஆராய்ச்சிக்கு உட்படுத்துதல் ஆசிரியர் கடனாகும்.

பாடநூற் படங்களும் இப்பிழைக்குத் துணை செய்கின்றன. பூமியின் பாதையைப் பக்கவாட்டிலிருந்து நோக்குவதுபோல வரைவதனால், அது நீண்டு ஒடுங்கிய முட்டை வடிவாகத் தோன்றுகின்றது. உண்மையில் அப்பாதை ஏறக்குறைய வட்டமே. 1 மீற்றர் நீளமுடையதாக அதனைக் கரும்பலகையில் வரையின், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வேறுபாடு மில்லிமீற்றரின் ஏழிலொரு பங்கே ஆகும். வெண்கட்டிக் கோட்டின் தடிப்பு அதனை மறைத்துவிடும். சூரியனும் நடுவிலிருந்து 1 சென்ரிமீற்றருக்குக் குறைவாகவே விலகி நிற்கும்.

அச்சிறு விலகலும் குழந்தையின் விடைக்கு எதிரான சான்றாகின்றது. பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது சனவரி முதல் வாரத்திலாகும். அப்போது இடைத்தூரம் ஏறக்குறைய 14 கோடி 71 இலட்சம் கிலோமீற்றர். மிக எட்ட நிற்பது யூலை முதல் வாரத்தில்; அப்போது அது ஏறக்குறைய 15 கோடி 21 இலட்சம் கிலோமீற்றர். கிட்ட வரும் அந்நாள்களோ மார்கழித் திங்களைச் சேர்ந்தவை. விடியலில் எழுந்து நீராடுவோர் குளிரால் நடுங்குங் காலம். இன்னுமொரு சான்று பிள்ளைகளின் வீடுகளிலேயே உண்டு. கனடாவில் வாழும் மாமாவோடும் அவுஸ்திரேலியாவில் வாழும் சித்தியோடும் தொலைபேசியில் உரையாடும் பிள்ளைகள் இன்று வகுப்புத்தோறும் உளர். நத்தார்க் காலத்திலே மாமா கம்பளி உடையிலும், சித்தி கோடை விடுமுறையிலும் இருப்பதை அவர்கள் அறிவர். இருவரும் வாழ்வது ஒரே பூமியிலன்றோ? தூரமே காரணமாயின் இருவர்க்கும் ஒரே பருவம் இருத்தல் வேண்டுமே என்று ஆசிரியர் வினவினாற் போதும். பழைய விடை அங்கே தளர்ந்துவிடும்.

இனி, மற்றொரு தடையும் உண்டு. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், மாரி என ஆண்டை நான்காகப் பகுக்கும் படம் பல பாலர் நூல்களிலே காணப்படுகின்றது. இலைகள் பொன்னிறமாகி உதிர்வதும், கூரைமேல் வெண்பனி படிவதும் நடுவகலக்கோட்டு நாடுகளில் உண்மையே. ஆனால் பனையும் வேம்பும் சூழ்ந்த ஊரிலே வாழும் குழந்தை அவற்றை ஒருபோதுங் கண்டதில்லை. பண்டைத் தமிழர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்தனர். அப்பகுப்புங்கூட யாழ்ப்பாணத்துக்கு முற்றும் பொருந்துவதன்று. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் எனப்படும். இங்கோ மாரி வலுப்பது ஐப்பசியிலேதான். பிறர் வகுத்த பெயர்களை முதலில் மனனஞ் செய்யும் குழந்தை, அறிவு என்பது புத்தகத்துக்கு உரியது, தன் கண் காண்பது அறிவன்று என எண்ணத் தலைப்படும். பருவங்களின் காரணத்தைத் தவறாக விளங்குதலினும் இது பெருங் கேடாகும். ஆதலின் பாடம் குழந்தையின் முற்றத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

அதற்கு வேண்டிய கருவி ஒரு தடியே. 1 மீற்றர் உயரமுள்ள நேரான தடியை வெயில் படும் வெளியிலே செங்குத்தாக நாட்டி, நண்பகலை ஒட்டிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியிற் சிறு கல் வைக்கச் செய்தல் வேண்டும். அக்கற்களுள் தடிக்கு மிக அணித்தானது அந்நாளின் நண்பகல் நிழலைக் காட்டும். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையளவில் அமைந்துள்ளது. ஆகவே திசெம்பர் 22 ஆம் நாளளவில் நண்பகல் நிழல் வடக்கே 65 சென்ரிமீற்றர் நீண்டு கிடக்கும். விடுமுறையாயின் இதனை வீட்டு முற்றத்திலே அளக்கலாம். மார்ச்சு 21 ஆம் நாளளவில் அது 17 சென்ரிமீற்றராகக் குறுகும். ஏப்பிரல் 5 ஆம் நாளளவில் தெய்வேந்திரமுனையின் உச்சியில் நிற்கும் சூரியன், வடக்கு நோக்கி நகர்ந்து, 15 ஆம் நாளளவில் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு வரும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய அந்நாளில் தடிக்கு நண்பகல் நிழலே இராது. அதன் பின்னர் நிழல் தெற்கே விழத் தொடங்கும். யூன் 21 ஆம் நாளளவில் அது தெற்கே ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர் இருக்கும். ஓகத்து இறுதியில் நிழல் மீண்டும் மறைந்து, பின்னர் வடக்கே நீளும்.

நிழல் தெற்கே விழுவதைக் கண்ட பிள்ளைகள் வியப்படைவர். சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறைவது என்று மட்டுமே கற்ற அவர்கள், அது ஆண்டு முழுதும் வடக்குந் தெற்குமாகவும் இடம் பெயர்வதைத் தாமே கண்டறிந்துவிட்டனர். இக்கண்டுபிடிப்பின் பின்னரே காரணத்தைக் கூறுதல் தகும்.

சூரியன் சரிந்து நின்றால் வெப்பம் ஏன் குறைய வேண்டும்? சதுரக்கோட்டுத் தாள் ஒன்றின்மேல் ரோச் விளக்கை நேர் மேலிருந்து பிடிக்க, சிறிய பிரகாசமான வட்டம் தோன்றும். தூரத்தை மாற்றாது விளக்கைச் சரித்தால் ஒளி நீண்டு பரந்து மங்கும். ஒளி பட்ட சதுரங்களைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம். சாய்வு தாளிலிருந்து 30 பாகையாகும்போது அதே ஒளி ஏறக்குறைய இரு மடங்கு சதுரங்களுக்குப் பங்கிடப்படும். ஒரு படி அரிசியை நால்வர்க்கும் சமைக்கலாம், எண்மர்க்கும் சமைக்கலாம். எண்மர்க்காயின் ஒவ்வொருவர் பங்குங் குறையும். லண்டன் நகரிலே திசெம்பர் இறுதியில் நண்பகற் சூரியன் அடிவானுக்கு மேல் 15 பாகையளவே எழுகின்றது. அங்கு விழும் ஒளி நேர் மேலிருந்து விழுவதிலும் ஏறக்குறைய நான்கு மடங்கு நிலத்திற் பரவுகின்றது. அதனோடு பகலும் குறுகிவிடுகின்றது. அந்நகரில் யூன் மாதப் பகல் 16½ மணிக்கு மேல். திசெம்பர்ப் பகல் 8 மணிக்குங் குறைவு. யாழ்ப்பாணத்தில் இவ்வேறுபாடு ஏறக்குறைய 1 மணி 10 நிமிடமே. இங்கு உறைபனி இன்மையும், அங்கு கோடைக்கும் மாரிக்கும் இடையே பெரு வேறுபாடு உண்மையும் இதனால் விளங்கும்.

இனி, சூரியன் இவ்வாறு வடக்குந் தெற்குமாக நகர்வதுபோலத் தோன்றுதற்குக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வே. இருண்ட அறையின் நடுவே விளக்கொன்றை வைத்து, ஈர்க்குக் குத்திய தோடம்பழத்தை அதனைச் சுற்றிக் கொண்டு செல்லுதல் வேண்டும். ஈர்க்கு நேராக நில்லாது 23½ பாகை, அஃதாவது செங்கோணத்தின் காற்பங்களவு, சாய்ந்திருத்தல் வேண்டும். இங்கேதான் பெருந் தவறு நிகழ்கின்றது. சுற்றி வரும் ஆசிரியர் தம்மை அறியாமலே ஈர்க்கை எப்போதும் விளக்கை நோக்கிச் சாய்த்துவிடுகின்றார். அவ்வாறு செய்யின் வட பாதிக்கு என்றுங் கோடையே. பருவ மாற்றமே இராது. ஈர்க்கின் மேல் நுனி, எங்குச் சென்றாலும், அறையின் வடசுவரையே நோக்கியிருத்தல் வேண்டும். அப்போது ஒரு பக்கத்தில் பழத்தின் மேற்பாதி விளக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும். எதிர்ப் பக்கத்தில் விளக்கைவிட்டுச் சாய்ந்திருக்கும். முன்னது யூன், பின்னது திசெம்பர். மேற்பாதியிலே மாமாவின் கனடாவையும், கீழ்ப்பாதியிலே சித்தியின் அவுஸ்திரேலியாவையும் மையினாற் குறித்துவிட்டால், முன்னர் எழுந்த வினாவுக்குப் பிள்ளைகளே விடை கூறுவர்.

ஆயினும், “எங்களுக்கு மழை எப்படி வருகின்றது?” என்னும் வினா எஞ்சி நிற்கும். இதனை விடுத்தாற் பாடம் அயல்நாட்டுப் பாடமாகவே முடியும். நிலம் விரைவிற் சூடேறும். கடல் மெல்லச் சூடேறும். சூரியன் வடக்கே நிற்கும் மாதங்களில் ஆசியப் பெருநிலம் வெப்பமுற, அங்குள்ள காற்று மேலெழுகின்றது. அவ்விடத்தை நிரப்ப இந்து சமுத்திரத்திலிருந்து ஈரக்காற்று வருகின்றது. இதுவே தென்மேற் பருவக்காற்று. அது மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகின்றது. தடுத்து மேலேற்றும் மலையில்லாத குடாநாட்டிலே அது சோளகமாக வீசிச் செல்வதன்றிப் பெருமழை தருவதில்லை. சூரியன் தெற்கே சென்றபின் பெருநிலம் குளிர, காற்றுத் திரும்பி வடகீழ்த் திசையிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து ஈரத்தோடு வருகின்றது. ஐப்பசி கார்த்திகையில் விரிகுடாவில் எழும் தாழமுக்கங்களும் மழையைக் கொணர்கின்றன. கனடாவிலே பனியைப் பெய்விக்கும் அதே அச்சுச் சாய்வே வன்னி வயல்களிலும் பெரும்போக நெல்லை விளைவிக்கின்றது.

மேல்வகுப்பு மாணாக்கர்க்கு மேலும் ஒரு பொருளை உணர்த்தலாம். தைப்பொங்கல் நாளே உத்தராயணத் தொடக்கம் எனப் பஞ்சாங்கங் கூறும். தடியின் நிழலோ திசெம்பர் 22 ஆம் நாளளவிலேயே குறுகத் தொடங்குகின்றது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை எல்லையாகக் கொண்டு சூரியனின் இடத்தைக் கணிப்பது. பூமியின் அச்சோ, தளரும் பம்பரத்தின் தலைபோல, ஏறக்குறைய 26,000 ஆண்டுகளில் ஒரு முறை சுழல்கின்றது. அதனால் 72 ஆண்டுக்கு 1 பாகையளவு வேறுபாடு சேர்ந்து, இன்று 24 நாளளவாகியுள்ளது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் அவ்விரு நாள்களும் ஒன்றாயிருந்தன. அயன சலனம் எனச் சோதிடர் வழங்குவதும் இதுவே. மரபும் அளவீடும் மாறுபடுமிடத்து, இரண்டிலொன்றை இகழாது காரணம் காணும் பழக்கத்தை மாணாக்கர் இங்கே பெறலாம்.

இவற்றை ஒரு நாளிற் கற்பித்தல் இயலாது. கீழ்வகுப்பிலே காற்றையும் மழையையும் நிழலையும் கண்டு குறித்தலே போதும். நடுவகுப்பிலே விளக்கும் பழமும். மேல்வகுப்பிலே கணக்கும் காரணமும். ஓராண்டு பொறுத்திருந்து நிழலை அளந்த குழந்தை, அடுத்த மார்கழியிலே “ஏன் குளிர்கின்றது?” என்று கேட்டால் அடுப்பை நினையாது, முற்றத்துத் தடியையே நினைக்கும். பட்டம் பெற்றவரிடத்தும் நீங்காத பிழையைப் பாலர் வகுப்பிலேயே நீக்குதற்கு ஒரு தடியும், சில கற்களும், ஆசிரியரின் பொறுமையும் போதுமாயின், அம்முயற்சியை மேற்கொள்ளுதல் எத்துணையும் நன்றாம்.