மணலைத் திருடினால் குடிதண்ணீரும் போச்சு!
காசு வாங்காமல் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆத்து மணல்

நன்னிலம்:

ஆற்று மணலைத் திருடுகிறவன் எதைத் திருடுகிறான்? "மணலைத்தான்" என்று சொல்வீர்கள். ஊரின் குடிதண்ணீரையும் சேர்த்துத்தான் அவன் வண்டியில் ஏற்றுகிறான்!

திருவாரூர் மாவட்டம் நன்னிலம் தாலுகாவில் அரசலாறு, முடிகொண்டான் ஆறு என்று காவிரியின் கிளைகள் ஓடுகின்றன. மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும். வருகிற புதுத் தண்ணீரோ ஒரே கலங்கல்.

கோடையில் ஆறு காய்ந்து கிடக்கும். ஆனால் மணலைத் தோண்டினால் ஊத்து வரும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இது டெல்டாவில் பாட்டிமாருக்கெல்லாம் தெரிந்த விஷயம்.

எப்படிச் சுத்தமாகிறது?

ஆற்றுத் தண்ணீர் மணலுக்குள் மெல்ல மெல்ல இறங்குகிறது. சேறு, தூசி எல்லாம் மணலில் சிக்கி நின்றுவிடும். மணலில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை வழியிலேயே ஒழியும்.

இதே வித்தையைத்தான் குடிநீர்த் திட்டங்களும் செய்கின்றன. கடலோர ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் உப்பு. அதனால் கொள்ளிடம் ஆற்று மணலில் ஊறும் தண்ணீரை எடுத்து, வேதாரண்யம் வரை குழாயில் அனுப்புகிறார்கள். திருச்சி நகருக்கும் காவிரி, கொள்ளிடம் மணலில் இறக்கிய கிணறுகளில் இருந்துதான் தண்ணீர் போகிறது.

வடக்கே ஹரித்வாரில் கங்கைக் கரையோரம் 22 பெரிய கிணறுகள் இருக்கின்றன. ஜெர்மனியில் டூசல்டார்ப் நகரம் ரைன் நதிக்கரைக் கிணற்றுத் தண்ணீரை 1870-ல் இருந்து குடித்து வருகிறது!

ஆனால் ஜாக்கிரதை! மணலில் வடிந்த தண்ணீர் என்றாலும் குளோரின் கலந்துதான் குடிக்க வேண்டும். உப்பையும் சில ஆலைக் கழிவுகளையும் மணலால் தடுக்க முடியாது.

மணல் போனால்?

மணலை அள்ள அள்ள ஆற்றுப் படுகை பள்ளமாகும். அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும். மணல் அடுக்கு மெலிந்துவிட்டால் தண்ணீர் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குள் வரும். பிறகு மோட்டார், படிகாரம், சுத்திகரிப்பு நிலையம் என்று செலவு ஏறும். அந்தச் செலவு யார் தலையில்? வரி கட்டுகிற ஜனங்கள் தலையில்!

ஜெயில் உண்டு

அனுமதி இல்லாமல் மணல் அள்ளினால் 1957-ம் வருட கனிமச் சட்டப்படி 5 ஆண்டு வரை ஜெயில் தண்டனை கிடைக்கும். "திருட்டு வழக்கும் போடலாம்" என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் தீர்ப்புக் கூறி இருக்கிறது.

ராத்திரியில் ஆற்றுக்குள் லாரி சத்தம் கேட்டால், "நமக்கென்ன வந்தது" என்று புரண்டு படுக்காதீர்கள். தாசில்தாருக்கோ போலீசுக்கோ தகவல் கொடுங்கள். பறிபோவது உங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீர்!