வேரறிந்து சொல்லறிதல்

கொங்குநாடு மழை குறைந்த நிலப்பகுதி. கிணற்று நீரை நம்பியே இங்கு வேளாண்மை தழைத்தது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின், கோவைப் பட்டறைகளில் மின்மோட்டார்களும் நீரிறைக்கும் பம்புகளும் பெருகின. பம்புகளுள் ஒருவகை 'சென்ட்ரிஃபியூகல்' பம்பு. நீண்ட இச்சொல்லை எழுத்தெழுத்தாக உருப்போடுவோர் பலர். பிரித்துப் பொருள் காண்போர் சிலரே.

வேரும் கிளையும்

இலத்தீன் மொழியில் 'சென்ட்ரும்' என்பது மையம்; 'ஃபுகெரெ' என்பது விலகி ஓடுதல். பம்பினுள் சுழலும் இம்பெல்லர், நீரை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வீசுகிறது. பொறியின் செயலே அதன் பெயராயிற்று. உயிர் தப்பி ஓடிவரும் ஏதிலியைக் குறிக்கும் 'ரெஃப்யூஜி' என்னும் சொல்லும் இவ்வேரில் கிளைத்ததே. 'சென்ட்ரிபீட்டல்' என்பதிலுள்ள 'பெடெரெ' என்னும் வேருக்கு நாடுதல் என்பது பொருள். ஆட்சியரிடம் மக்கள் அளிக்கும் 'பெட்டிஷன்' அவ்வேரிலிருந்து வந்தது. ஒரு வேரை அறிந்தவருக்குப் பல சொற்கள் எளிதாகின்றன.

தமிழ் தரும் துணை

இயற்பியல் பாடத்தில் பயிலும் மையவிலக்கு விசை, மையநோக்கு விசை ஆகிய சொற்கள் இவ்வேர்ப்பொருளைத் தழுவியவை. 'டெலி' என்னும் கிரேக்க வேர் தொலைவைக் குறிக்கும். தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி என்பவற்றில் அப்பொருளைக் காணலாம். வெப்பத்தைக் குறிக்கும் வேரும் அளவைக் குறிக்கும் வேரும் இணைந்த 'தெர்மாமீட்டர்', தமிழில் வெப்பமானி ஆயிற்று.

அறிவியலைத் தமிழில் வழங்கியதில் கொங்குநாட்டவர் பங்கு பெரிது. தி.சு. அவிநாசிலிங்கம் 1946-இல் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய ஜி.ஆர். தாமோதரன், 'கலைக்கதிர்' இதழின்வழி அப்பணியைத் தொடர்ந்தார்.

தமிழ்வழியில் பயின்று தொழிற்கல்விக்குச் செல்லும் மாணவர், ஆங்கிலக் கலைச்சொற்களைக் கண்டு தயங்குவதுண்டு. அத்தயக்கத்தால் பாடமே அரிதெனத் தோன்றிவிடும். மையவிலக்கு விசையை உணர்ந்தவர், சென்ட்ரிஃபியூகல் என்பதன் பொருளை முன்னரே உணர்ந்தவராவார். அவர் புதிதாகக் கற்கவேண்டியது ஒலிவடிவம் ஒன்றையே.

வழக்கும் வேண்டும்

வேர்ப்பொருள் ஒன்றே போதுமானதன்று. 'மேனுஃபேக்சர்' என்பதற்குக் கையால் செய்தல் என்பது வேர்ப்பொருள். இன்றோ அது ஆலைகளில் இயந்திரங்களால் நிகழும் உற்பத்தியையே பெரிதும் குறிக்கிறது. எனவே, வேரைக்கொண்டு பொருளை உய்த்துணர்ந்து, சொல் வழங்கும் இடத்தை நோக்கி அதனை உறுதிசெய்தல் வேண்டும்.

நெய்தலைக் குறிக்கும் 'டெக்ஸெரெ' என்னும் இலத்தீன் வேரிலிருந்து, துணியைக் குறிக்கும் 'டெக்ஸ்டைல்' என்பதும் பனுவலைக் குறிக்கும் 'டெக்ஸ்ட்' என்பதும் தோன்றின. தமிழிலும் இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என்பதே பெயர். நூல் இயற்றுதலை நூல் நூற்றலோடு ஒப்பிட்டு நன்னூலின் பாயிரம் விளக்குகிறது. நூற்பாலைகள் நிறைந்த கோவையின் மாணவர்க்கு இவ்வொப்புமை புதிதன்று. ஆங்கிலச் சொல்லிலும் அதனைக் காணக் கற்றலே வேர்வழிக் கல்வியின் பயன்.